காரணம்: வேலையில் மந்தம்

முட்டின்டா தன்னுடைய பணிநீக்கக் கடிதத்தைத் தானே டைப் செய்துகொண்டிருந்தாள். கிட்வே நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிறவள் அவள் ஒருத்திதான். மேனேஜர் வேறு யாரிடம் கொடுப்பார்?

'காரணம்: வேலையில் மந்தம்' என்று அடித்துவிட்டுச் சேமிக்கப் போனாள். வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி, திரை வெளுத்து அப்படியே உறைந்துபோனது.

மேனேஜர் சிலும்ப்வே அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. "மீட்டிங்ல இருக்கற மனுஷன் எந்திரிச்சு வரவேண்டியிருக்கு. உன்னை அனுப்பற லெட்டரைக்கூட உன்னால சீக்கிரம் முடிக்க முடியலையா?"

"நான் என்ன சார் பண்றது? ஆன்டிவைரஸ் ஓடுது. ஒரு ஃபைல் திறக்கறதுக்குள்ள மாவு கிண்டி, சாப்பிட்டு, கையே கழுவிடலாம்."

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வெச்சிருக்க!"

பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுரங்க வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவனிடம் போய் என்னவென்று சொல்வது? ஆனாலும் முட்டின்டா விடவில்லை. "கலுபாவைக் கூப்பிடுங்க சார். தப்பு என் மேலதான்னு அவர் சொன்னா, இப்பவே பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறேன்."

கம்ப்யூட்டர் பார்க்கிற கலுபா வந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து என்னென்னவோ தட்டினான்.

"இவங்க பொய் சொல்லல சார். நாம எல்லாரும் ஃபைல் போட்டு வைக்கற சர்வர்ல யாரோ ஒருத்தர் மலை மாதிரி குப்பையைக் கொட்டி வெச்சிருக்காங்க. ஆன்டிவைரஸ் அதையே நோண்டிக்கிட்டுக் கிடக்கு. இவங்க லெட்டர் பாவம், வரிசையில நிக்குது."

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல குப்பையா? யார் அந்த ஆளு?"

கலுபா திரையை முட்டின்டா பக்கம் திருப்பினான். சண்டைப் படம், பேய்ப் படம், காதல் படம் என்று அடுக்கடுக்காகத் திருட்டு சினிமா. எல்லாவற்றுக்கும் எதிரே, இறக்கியவர் பெயர் ஒன்றேதான்.

"என்ன முழிக்கறீங்க ரெண்டு பேரும்?" மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற சிலும்ப்வே அலுவலகமே அதிரக் கத்தினார். "எவனா இருந்தாலும் இன்னிக்கே வெளில போகணும். முட்டின்டா, அதே லெட்டர்ல உன் பேரை எடுத்துட்டு அந்த ஆளு பேரைப் போடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்!"

கலுபா ஆன்டிவைரஸின் தேடலை நிறுத்தினான். கடிதம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்துகொண்டது. முட்டின்டா தன் பெயரை அழித்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து கேட்டாள்.

"சார், உங்க பேருக்கு முன்னாடி 'திரு' போடணுமா?"