தோய்க்காத புடவை

“தோய்க்கவும் உட மாட்டேங்கிற. பாத்திரக்காரன்கிட்ட போட்டு ஒரு குண்டான் வாங்கிக்கிறேன், உடுய்யா!”

“அத்த மட்டும் தொடாத, கலா!” பன்னிரண்டு வருஷப் பழைய புடவையைப் பிடுங்கிக்கொண்டான் துளசிராமன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலைக்குச் சேரும்வரை சந்திரகலா வீட்டில் தினமும் கட்டிய புடவை அது. தன்மேல் இவ்வளவு ஆசையா என்று பூரித்துப்போனாள்.

மறுநாள் காலை கம்பெனி வேன் வரவில்லை. வீடு திரும்பியவள் மாட்டுக்கொட்டகையில் திகைத்து நின்றாள். அதே புடவையில் யாரோ ஒருத்தி பால் கறந்துகொண்டிருந்தாள்.

“யாருடி நீ?”

திரும்பிய முகத்தில் மீசை இருந்தது.

“கத்தாத! நீ வேலைக்குப் போனதிலேர்ந்து மாடு பால அடக்கிக்குது. உன் வாசன இருந்தாத்தான் மடி சொரக்குது.”

“அப்போ ஆச எம்மேல இல்ல, பாலு மேல!”

“மாட்டுக்கே உம்மேல இவ்ளோ ஆச. எனக்கு இருக்காதா?”

சந்திரகலா சிரித்துக்கொண்டே, தரையில் புரண்ட முந்தானையை எடுத்து அவன் இடுப்பில் செருகினாள்.