முள் வெட்டி அடைத்த குளம்

குளத்துத் தடத்தில் வெட்டிப் போட்டிருந்த வேலமுள்ளை மருதாள் குச்சியால் ஒதுக்கித் தள்ளினாள். இடுப்பில் குடம், தோளில் கயிறு.

"அங்கயே நில்லு," என்றார் ஈஸ்வரமூர்த்தி. குளத்தை ஒட்டிய தோட்டமும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியும் அவருடையவை. மருதாள் அந்தக் கம்பெனியில்தான் பனியன் மடித்து அடுக்குகிறாள்.

"தண்ணி வேணுமுங்க."

"உங்க தெருவுல பதினோரு பேருக்கு நரம்புச் சிலந்தி. காலைப் பொத்துக்கிட்டுப் புழு வருது. உம்புருசனுந்தான் படுத்திருக்கான். அந்த ஊட்டுக் குடத்தைக் கொண்டாந்து முக்குனா ஊரே படுத்துக்காதா?"

நியாயம்தானே? சுற்றி நின்றவர்களுக்கும் அப்படித்தான் பட்டது.

"சீக்கையும் பரப்பிப்போட்டு எதுத்து வேற பேசறா பாரு," என்றாள் முதலாளியின் மனைவி குழந்தையம்மாள்.

"உங்களுக்குக் கெணறு இருக்குதுங்க. இந்தக் குளத்தை உட்டா நாங்க எங்க போறதுங்க?"

1982. அந்தத் தெருவுக்குக் குழாய் வரும் என்று சொல்லிப் பல தேர்தல்கள் போய்விட்டன.

"நாளையிலிருந்து கம்பெனிக்கு வராதே," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"வரலீங்க. ஆனா கொடம் ரொம்பாம இங்கிருந்து போக மாட்டனுங்க."

பேச்சில் ஒரு 'ங்க' குறையவில்லை. ஆள்தான் ஓர் அடிகூட நகரவில்லை.

அதற்குள் அவிநாசியிலிருந்து ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். வரச்சொல்லி ஆள் அனுப்பியவரே ஈஸ்வரமூர்த்திதான்.

"இவளுக்கு நல்லாப் புரியறாப்பல சொல்லுங்க சார்."

"சொல்றேங்க. இது தொட்டா ஒட்டற சீக்கு இல்ல. குடத்துலயும் வராது. சிலந்தி வந்த காலோட யாராச்சும் தண்ணியில எறங்கினா, புழு அங்க குஞ்சு விட்டுரும். அந்தத் தண்ணிய வடிகட்டாமக் குடிச்சாலும் சரி, நீச்சலடிக்கும்போது ஒரு வாய் உள்ள போனாலும் சரி, வருஷம் திரும்பறப்ப காலைப் பொத்துக்கிட்டு வரும்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்," என்றார் முதலாளி.

"இந்தக் குளத்துல எறங்கிக் குளிக்கறது யாருங்க?"

ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து நின்றார். "எங்க பத்து ஊட்டுக்காரங்க மட்டுந்தானுங்க. இவங்க காலு தண்ணியில பட்டதே இல்ல. பட உட்டதும் இல்ல. மேட்டுல நின்னு கயிறு கட்டித்தான் மொள்ளோணும். எங்க தாத்தன் போட்ட கட்டுப்பாடு, இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் மீறினதில்லீங்க."

"ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட."

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். "அப்ப, போன வருஷம் புழுவோட எறங்கின காலு அவங்க தெருக்காலு இல்லீங்களே."

முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை ஈஸ்வரமூர்த்தி மெதுவாக அவிழ்த்துக் கணுக்கால் வரை விட்டுக்கொண்டார்.

மருதாள் குடத்தில் கயிற்றைக் கட்டினாள்.

"மறைக்காதீங்க மொதலாளி. போன சித்திரையில முள்ளுக் குத்துன புண்ணுன்னு சொல்லிப்போட்டு, எரிச்சல் தாங்காம தெனமும் அந்தப் படியில உக்காந்து காலை ஊறப் போட்டீங்க. அந்தத் தண்ணியத்தானுங்க நாங்க மொண்டு குடிச்சோம்."