வெஸ்ட்லி அன்ரியின் விசாரணை

"அப்பான்ரை பேர் என்ன தம்பி?"

"பாலேந்திரன்."

"ஊர்?"

"அளவெட்டி. நான் பிறந்து வளர்ந்தது ரொறன்ரோ."

"அம்மா வேலைக்குப் போறாவோ? கூடப் பிறந்தவை எத்தினை பேர்? நீர் இப்பிடி வெளிக்கிட்டதுக்கு வீட்டிலை என்ன சொல்லுகினம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சயூரன் பல்லைக் கடித்துக்கொண்டான். வேதம் சொல்ல வந்த இடத்தில் பொலிஸ் விசாரணை.

"ஒண்டும் சொல்லேல்லை அன்ரி."

அருள்நாயகி அவனை ஒருகணம் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு துண்டு மீனைக் கொண்டுவந்து அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

சயூரனுக்குப் பத்தொன்பது வயது. மோர்மன் சபை அவனை இரண்டு வருட ஊழியத்துக்கு ஒஸ்லோவுக்கு அனுப்பியிருந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் 'எல்டர்' என்று சபைப் பட்டம் எழுதிய கறுப்பு அட்டை. கூடவே எப்போதும் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த இன்னொரு ஊழியன், டால்டன். தனியே எங்கும் போகக்கூடாது என்பது சபையின் விதி.

வந்து இரண்டு மாதத்தில் பனியில் நான்கு தடவை விழுந்துவிட்டான். அது பரவாயில்லை. கதவுகள்தான் கஷ்டம். நோர்வேக்காரர் "நை, தக்", வேண்டாம் நன்றி, என்று சொல்லிச் சாத்தினார்கள். தமிழர் திறந்தார்கள், இருக்கச் சொன்னார்கள், சோறு போட்டார்கள். புத்தகத்தை மட்டும் வாங்கவில்லை.

வெஸ்ட்லிப் பகுதி மாடிக் குடியிருப்பில் இருந்த அருள்நாயகியும் அப்படித்தான். மன்னார்க் கத்தோலிக்கர். வயோதிபர் இல்லமொன்றில் சமையல் வேலை, புதன்கிழமை லீவு. அதனால் ஒவ்வொரு புதனும் இருவருக்கும் அங்கே சாப்பாடு. அவர் கணவர் அருளானந்தன் சோபாவில் பேப்பரும் கையுமாக இருப்பார், வாயே திறக்கமாட்டார்.

"தேத்தண்ணி?"

"எங்கடை சபையிலை குடிக்கிறேல்லை அன்ரி."

"தேத்தண்ணி குடியாத யாழ்ப்பாணத்தானை இண்டைக்குத்தான் காணுறன்" என்று சுடுபால் கொண்டுவந்தார். "இருமல் மாறிட்டுதோ? உள்ளுக்குக் கம்பளி போட்டிருக்கிறீரோ?"

அடுத்த விசாரணை.

வீட்டைப் பற்றிச் சொல்ல அவனிடம் என்ன இருந்தது? சபையில் சேர்ந்த அன்று அப்பா சொன்னார், "எனக்கொரு மகன் இருந்தவன். இப்ப இல்லை." வருடத்தில் இரண்டே நாள்தான் வீட்டுக்குப் போன் எடுக்க அனுமதி. கிறிஸ்மஸ் அன்று எடுத்தான். "அப்பா" என்றான். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. கிழமைக்கொரு கடிதம் போட்டான். பதில் இல்லை.

பெப்ரவரியில் ஒருநாள் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் முன்பின் தெரியாத ஒருவர் மறித்தார்.

"நீர் அளவெட்டிப் பாலேந்திரன்ரை மகன் எல்லே? நான் யோகராசா. கொப்பரோடை ஒண்டாப் படிச்சனான். சைவத்தை விட்டு வேதத்துக்கு மாறிட்டீராம்?"

"ஆர் சொன்னது?"

"வெஸ்ட்லி அருள்நாயகி. உங்கடை ரொறன்ரோ வீட்டு நம்பரை என்னட்டைத்தான் வாங்கினவா."

சயூரனுக்குக் காது சுட்டது.

அடுத்த புதன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே கேட்டான்.

"எங்கடை வீட்டுக்குக் கோல் எடுத்தனீங்களோ?"

"ஓம், எடுத்தனான்."

"என்னத்துக்கு? கோள் சொல்லவோ?"

அருள்நாயகி கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார்.

"சோறு ஆறுது தம்பி. முதல்ல வந்து சாப்பிடும்."

"உங்கடை சோறும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம்."

தமிழ் விளங்காத டால்டன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். படியிறங்கும்போது, "என்ன நடந்தது?" என்றான்.

"இவைக்கு வேதத்திலை அக்கறையில்லை. ஊர்வம்பிலைதான் அக்கறை" என்று சயூரன் ஆங்கிலத்தில் சொன்னான்.

மூன்று புதன் அவன் வெஸ்ட்லிப் பக்கமே போகவில்லை. ரயில் நிலையத்தில் வாங்கிய சொசேஜும் பாணும்தான் சாப்பாடு. டால்டன் மட்டும் மீன்கறியை நினைத்துப் பெருமூச்சு விட்டான்.

பிறகு ஒருநாள் தபால்பெட்டியில் கனடா முத்திரையோடு ஒரு கடிதம் கிடந்தது. அம்மாவின் கையெழுத்து. கையுறையைக் கழற்றவும் பொறுமையில்லாமல் நின்ற இடத்திலேயே பிரித்தான்.

'அன்பு மகனுக்கு,

உன்ரை கடிதம் ஒண்டையும் அப்பா என்ரை கண்ணிலை காட்டேல்லை, விலாசம் தந்தது அருள்நாயகி அக்காதான். அவாவோடை ஏன் கோவிச்சனீ? ஒவ்வொரு புதனும் நீ சாப்பிட்டுப் போன கையோடை எனக்குக் கோல் எடுக்கிறவா. என்ன கறி வைச்சது, நீ எத்தினைதரம் சோறு வாங்கினனீ, உடம்பு எப்பிடி எண்டு எல்லாம் சொல்லுவா. உன்னட்டைச் சொல்லக்கூடாதெண்டு நான்தான் அவாட்டைச் சத்தியம் வாங்கினனான். அப்பா அறிஞ்சால் வீடு ரெண்டாப் போகுமெண்ட பயம். நைற் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அவர் நித்திரை எண்டு நினைச்சுத்தான் குசினிக்குள்ளை நிண்டு மெல்லமாக் கதைக்கிறனான்.

நீ கோவிச்சுப் போன அண்டைக்கு அதைச் சொல்ல எடுத்தவா, அதுக்குப் பிறகு கோலும் வரேல்லை. சொல்ல ஒண்டுமில்லை எண்டு அவாவும் எடுக்கேல்லை.

மூண்டாவது புதன், படுத்திருந்த அப்பா எழும்பி வந்து போனுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவர். பிறகு என்னட்டைக் கேட்டார்:

"ஏனப்பா, அங்கை பொடியன் இண்டைக்கும் சாப்பிடேல்லையோ?"'