பிளேடால் கிழித்த ஸ்பீக்கர்

"பிளேடு வேலைக்கு ஆகாது மாப்பிள்ளை. பெட்டியைத் தூக்கி மாடிப்படியிலேருந்து கீழே போடுங்க" என்றார் மாமனார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே ஸ்பீக்கரும் சேர்ந்த பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அதில் ஏழாவது ஸ்பீக்கரை அப்போதுதான் பிளேடால் கிழித்து முடித்திருந்தார். வீட்டு மாடியில் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவருக்கு, மரச்சாமான் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யோசனை சொன்னால் எப்படி இருக்கும்?

"இது கட்டில் இல்ல மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அறுபதுகளில் ஒரு ராக் இசைத்தட்டு வந்தது. அதில் கிடார் பாடவில்லை. ஜலதோஷம் பிடித்த சிங்கம் மாதிரி கரகரவென்று உறுமியது. கேட்ட இளவட்டமெல்லாம் கிறுக்குப் பிடித்து அலைந்தது. அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும், வாசித்தவர் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார். பிளேடை எடுத்தேன், ஸ்பீக்கரில் ஒரு கீறு கீறினேன், அவ்வளவுதான்.

அவருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. அந்த ஆம்ப்ளிஃபயர் என்றைக்கோ ஒரு தீ விபத்தில் போய்விட்டது. இப்போது காதும் போய்க்கொண்டிருந்தது. இன்னும் சில மாதம்தான் கேட்கும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் அந்தச் சத்தத்தைத் தன் விரலாலேயே ஒரு தடவை எழுப்பிக் கேட்டுவிட வேண்டும் என்று பெரியவருக்கு ஆசை. அவருடைய மகள் தேடி வந்து மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டாள்.

அந்த இசைத்தட்டைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை இந்தத் தொழிலுக்கே வந்தார். நன்றி சொல்ல ஒரு வாய்ப்பு வீடு தேடி வந்திருக்கிறதே என்று அன்றைக்கு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே காலத்து ஆம்ப்ளிஃபயரை அலையாய் அலைந்து பிடித்தார். அதே வால்வு, அதே கம்பி. சத்தம் மட்டும் வருவேனா என்றது. கீறக் கீற ஸ்பீக்கர் இரைந்ததே தவிர, உறுமவில்லை.

"ஸ்பீக்கர் காகிதம் மட்டும் கிழிஞ்சா பத்தாது. பெட்டியோட மூட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும், மரமும் சேர்ந்து அதிரணும்" என்று மாமனார் விடவில்லை. மூன்று வாரமாக இதே பாட்டுத்தான். மாமனாரின் மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடினாள்.

பெரியவர் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அதனால் ஆம்ப்ளிஃபயரைக் கீழ்வீட்டுக் கூடத்துக்கு இறக்க வேண்டும். திரும்பி வந்து தானே இறக்கிக்கொள்வதாகவும், யாரும் அதைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை அவரை அழைத்துவரக் கிளம்பினார்.

கார் தெருமுனையைத் தாண்டியிருக்காது. படியில் தடதடவென்று சத்தம். மகள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பதினோரு படியும் உருண்டு, பெட்டி கீழே கவிழ்ந்து கிடந்தது. மேல்படியில் அவளுடைய அப்பா நின்றிருந்தார்.

"கை நழுவிடுச்சும்மா."

மகள் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் நாலும் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக இருந்தன.

"நழுவுறதுக்கு முன்னாடியே கழட்டி வெச்சிட்டீங்களாப்பா?"

அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

திரும்பி வந்த மாப்பிள்ளைக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பின்னாலேயே பெரியவர், அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி அவருடைய மகள். அவர்கள் முன்னால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது. மாமனார் வால்வுகளைத் தன் மகளிடம் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளை நடக்கிறது நடக்கட்டும் என்று அவற்றைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டார்.

பெரியவர் கிடாரை மடியில் வைத்தார். ஒரே ஒரு கம்பியைச் சுண்டினார்.

உறுமியது. இசைத்தட்டில் கேட்ட அதே உறுமல். ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பெரியவர் பத்து நிமிடம் வாசித்தார், அழுதுகொண்டே வாசித்தார்.

"போதும். இனிமே காது போனா போகட்டும்" என்று கிடாரை இறக்கி வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

மாப்பிள்ளைக்குக் கூச்சமாகிவிட்டது. "நான் இல்லீங்க. நீங்க சொன்ன மாதிரி பிளேடால ஏழு தடவை கிழிச்சுப் பார்த்தேன், வரவே இல்ல. இது எங்க மாமா கை நழுவி..." என்று கதவுப் பக்கம் பார்த்தார்.

பெரியவர் கைத்தடியை ஊன்றிப் போய்க் கதவை விலக்கினார். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தார். அந்த முகத்தைப் பெரியவர் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என்ன தம்பி, இதையும் படியில போட்டுட்டியா?"

"அண்ணே..." என்று எழுபத்தெட்டு வயது மாமனார் கைகூப்பினார்.

கூப்பிய கைகளைப் பெரியவர் இறுகப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு, பெட்டி தூக்குற பையனுக்கு வேலை போயிடக் கூடாதேன்னு, நான்தான் பிளேடால கிழிச்சேன்னு ஸ்டுடியோ முதலாளிகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு உன் மாப்பிள்ளைகிட்ட என்னத்தைச் சொல்றது?"