இடது பிரேக்

மனைவியைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிக் காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிவிட்டாள். சங்கரலிங்கம் இரண்டு பிரேக்கையும் போட்டார். பிறகு வழக்கம்போல, வாதம் வந்த கோமதியின் வலது கையைப் பிடித்து இழுத்தார். தோள் கழன்றுவிடுவதுபோல் அவளுக்கு வலித்தது.

"கையப் பிடிக்காதீங்க சார். முன்னால நின்னு அவங்க இடுப்பப் பிடிச்சுத் தூக்குங்க."

ஆஸ்பத்திரி ஹால் முழுக்க ஆட்கள். அவருடைய தம்பி குடும்பம் வேறு வந்து நின்றது. கல்யாண போட்டோவிலேயே ஒரு முழம் தள்ளி நின்ற மனுஷன் அவர்.

கோமதி நல்ல கையால் அவர் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்தாள். சுட்டதுபோல் உருவிக்கொண்டார்.

"எல்லாரும் பாக்காவ, கோமதி."

"பாக்கட்டும். நாலு பிள்ள பெத்த இடுப்புதான?"

மூலையில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விடலாமென்று அவர் நாற்காலியின் பின்னால் போய், வலது பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினார். இடது பிரேக்கை அவள் அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு சக்கரம் மட்டும் உருண்டது. நாற்காலி நின்ற இடத்திலேயே சுற்றி, கூட்டத்தைப் பார்த்து நின்றது.

அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கோமதி சொன்னாள்:

"முன்னால வாங்க."