லெம்பி சொல்லாத வார்த்தை

"என்ன நெஸ்தோரி, மாப்பிள்ளை விறகா?"

வேலிக்கு இந்தப் பக்கம் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த அவ்னே கேட்டாள். நெஸ்தோரி இரண்டு கையிலும் விறகை ஏந்திக்கொண்டு விதவை லெம்பியின் படியேறிக்கொண்டிருந்தான். அறுபத்து மூன்று வயதில் காது சிவக்க வெட்கப்பட எங்கள் ஊரில் அவனால்தான் முடியும்.

"அவளுக்கு உடம்பு முடியல, அவ்னே."

"அதான் ஒம்பது வருஷமா பாக்கறோமே, உன் வைத்தியத்த!"

ஒன்பது வருஷமாக லெம்பிக்கு விறகு பிளப்பது அவன்தான். வாசல் பனியை வாருவது, சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குச் சவுனா அறையைச் சூடேற்றுவது, மீனைச் செதிள் சீவி வாசலில் வைப்பது எல்லாம் அவன்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஸ்வீடன்காரர்கள்கூட இதைப் பேசிச் சிரித்தாயிற்று.

காதல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அளவுக்கு அவனுக்கு அதிர்ஷ்டம் கிடையாது.

லெம்பியின் புருஷன் யால்மரியும் இவனும் ஒரு காலத்தில் குடித் தோழர்கள். ஒரு பிப்ரவரி இரவு, குளிர் மைனஸ் முப்பத்திரண்டு. நடக்க முடியாத யால்மரியை ரோட்டோரத் தபால் பெட்டி வரைக்கும் இழுத்து வந்து, "அதோ உன் வீடு, போடா" என்று தள்ளிவிட்டு நெஸ்தோரி தன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். அங்கிருந்து யால்மரியின் வாசலுக்கு நாற்பது அடிகூட இல்லை. காலையில் யால்மரி அதே தபால் பெட்டியடியில் விறைத்துக் கிடந்தான். விடிய விடியப் பெய்த பனி ஒரு காலடித் தடம்கூட விடாமல் அவன் மேல் போர்வை மாதிரி மூடியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாளே லெம்பி வாசல் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி, உறைந்த ஆற்றில் மீனுக்கு வெட்டிய துளைக்குள் எறிந்தாள். "யாருக்காகடி இப்படித் திறந்து போட்டிருக்க?" என்று ஊர் கேட்டது. நெஸ்தோரி விறகோடு வரத் தொடங்கியதும் பதிலையும் ஊரே சொல்லிக்கொண்டது.

அந்த வசந்தத்தில் ஜெபவீட்டில் நெஸ்தோரி எழுந்து நின்று கதறினான். மிச்சமிருந்த சாராயத்தை முந்தின நாளே சாக்கடையில் கொட்டியிருந்தான். பாவத்தை ஒப்புக்கொண்டவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இயேசுவின் நாமத்தில் மன்னிக்கப்பட்டதென்று நம்பு" என்று சொல்வது எங்கள் வழக்கம். போதகர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, விசுவாசி யாரும் சொல்லலாம். போதகர் சொன்னார், அவ்னே சொன்னாள், பின்வரிசைக் கிழடுகள்கூடச் சொன்னார்கள்.

லெம்பி மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு வசந்தமும் அவன் கேட்பான். ஒரு தடவை "பல்லு வலிக்குது" என்றாள். இன்னொரு தடவை "நீ போட்ட விறகு ஈரம்" என்றாள். கல்நெஞ்சக்காரி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

நெஸ்தோரியோ ஆளே கரைந்து போனான். பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுவான். "உன் குடியோட வாழ்ந்துட்டேன், உன் அழுகையோட முடியல" என்று அவன் மனைவி அக்கா வீட்டோடு போய்விட்டாள்.

இன்றைக்கு அவன் உள்ளே போனதும் அவ்னே சால்மன் சூப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். சூப் ஒரு சாக்கு. முன்னறையிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"விறக வச்சிட்டு உக்காரு" என்றாள் லெம்பி. சன்னலோரக் கட்டிலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தாள்.

"காப்பி போடவா?"

"உக்காருன்னேன்ல."

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு முக்காலி நுனியில் உட்கார்ந்தான். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஈஸ்டருக்கு எனக்கும் சேத்து மாவு பெசைய வேணாமாம்."

அவன் அப்படியே கட்டில் ஓரத்தில் மண்டியிட்டான். "நீ போறதுக்கு முன்னாடி அந்த ஒரு வார்த்தைய சொல்லிடு சகோதரி. ஊரே சொல்லுச்சு, எனக்கு ஒட்டவே இல்ல. நாப்பது அடி... அந்த நாப்பது அடி கொண்டாந்து விட்டிருந்தா அவன் பொழச்சிருப்பான். நீயும் சொல்லாம போயிட்டீன்னா நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

"என்னால சொல்ல முடியாது, நெஸ்தோரி."

"இன்னுமா கோவம்?"

"உன் மேல எனக்குக் கோவமே இருந்ததில்ல. ஒரு நாள்கூட."

முன்னறையில் அவ்னே சூப் பாத்திரத்தைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"அப்ப சொல்றதுக்கு என்ன?" அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்தான். "ஒம்பது வருஷம் லெம்பி! நாய்க்குக்கூட இதுக்குள்ள ஒரு வழி சொல்லியிருப்ப."

 லெம்பி அவன் கையைப் பிடித்து இழுத்து, ஜெபவீட்டில் செய்வதுபோல் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். 

"நான் சொல்லக் கூடாது. நீதான் எனக்குச் சொல்லணும். உனக்கு மனசு வந்தா."

"நானா? உனக்கா? நீ என்ன பாவம் பண்ணின?"

"அன்னிக்கு அவன் ரொம்ப நேரம் கதவத் தட்டிட்டுத்தான் தபால் பெட்டிக்குத் திரும்பிப் போனான், நெஸ்தோரி. நான் தாழ்ப்பாள எடுக்கல."