டம்மி பீஸ்

ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பறையில் பழைய மேசை விசிறி ஒன்று அலங்காரத்துக்காக நின்றது. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் அதை ஓடவிட்டதில்லை.

"உங்களுக்கென்ன குறை அண்ணே? எல்லாரும் அழகு அழகுன்னு கொஞ்சுறாங்க" என்றது சுவரில் இருந்த ஏசி.

"முன்னாடி சலூன்ல இருந்தப்போ முடி வெட்டுற அந்தோணிராசு என்னை டம்மி பீஸுன்னுதான் கூப்பிடுவார். இங்க அப்படிக் கூப்பிட ஆளில்லையே" என்றது விசிறி.

"அப்படின்னா?"

"ஒண்ணுக்கும் உதவாதவன்னு அர்த்தம். மழுங்கின கத்தியையும் அப்படித்தான் திட்டுவார். ஒருநாள் கல்யாண மாப்பிள்ளையோட மீசையைக் கோணலா வெட்டிட்டு, கண்ணாடியப் பார்த்துத் தன்னையே டம்மி பீஸுன்னு திட்டிக்கிட்டார். நான் நின்னுபோனா தலையில ஒரு தட்டு, கூடவே ஒரு டம்மி பீஸு. உடனே சுத்த ஆரம்பிச்சிடுவேன்."

"போயும் போயும் இந்தத் திட்டுக்கா ஏங்குறீங்க?" என்று ஏசி சிரித்தது.

மறுநாள் மத்தியானம் ஏசி பழுதாகி நின்றுவிட்டது. வந்திருந்தவர்கள் புழுக்கத்தில் சத்தம் போட்டார்கள். வேறு வழியில்லாமல் ஊழியர் செல்வகணபதி விசிறியின் வயரைச் செருகி சுவிட்சைப் போட்டார். அது அசையவில்லை. சும்மா நின்று நின்று, சுற்றுவது எப்படி என்றே அதற்கு மறந்துபோயிருந்தது.

செல்வகணபதி வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "சே, சரியான டம்மி பீஸு!"

"பாத்தீங்களா அண்ணே, இங்கயும் உங்களைத் திட்டிட்டாங்களே" என்று வருத்தப்பட்டது ஏசி.

விசிறியின் காதில் அது விழவில்லை. கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.